வளைந்த முன்கால்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் சிலம்பின் நயத்தையும் குறளின் ஆழத்தையும் எடுத்துரைத்து உங்கள் செவிகளுக்கு விருந்தளித்தார்கள். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிப் பிழைப்பவன். இத்தகைய மேடையில் பேச எனக்கு என்ன தகுதி என்று செயலாளர் அவர்களிடம் கேட்டேன். "உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், அது போதும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது எது என்று எண்ணிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களை நான் பார்சலில் பதிவு செய்திருக்கிறேன். பெட்ரோலை வடித்தாயிற்றா, வைக்கோலும் சாக்கும் சுற்றியாயிற்றா, பெயர்ச் சீட்டு கட்டியாயிற்றா என்று பார்ப்பது என் வேலை. ஆனால் அந்த வண்டியின் முன்கால்கள் எதனால் ஆனவை, அவை வளைந்தால் என்ன நேரும் என்பதை நான் அலுவலகத்தில் கற்கவில்லை. என் வீட்டில் நான் செய்த ஒரு தவற்றினால் கற்றேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நமது காலனியில் தந்தை ஓட்டிய வண்டியைப் பிள்ளை ஓட்டும் வீடுகள் பல உண்டு. ஆதலால் இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று.

தந்தையும் வண்டியும்

1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதை வழியே வேலை தேடி வந்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். 1971ஆம் ஆண்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் கலாசியாகச் சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் சைக்கிளில் பணிக்குச் சென்று, சீட்டுக் கட்டி, 1983ஆம் ஆண்டில் ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிள் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாங்கிய இயந்திரம் அதுவே.

அந்த வண்டியின் வரலாறு நம்மைப் போன்றே பல ஊர்களைக் கண்டது. ஜாவா என்பது செக் நாட்டுப் பெயர். 1929ஆம் ஆண்டில் யானெச்செக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தொழிலைப் பெற்று, இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஜாவா என்று பெயரிட்டார். பார்சி சமூகத்தைச் சேர்ந்த இரானி குடும்பத்தார் 1960ஆம் ஆண்டில் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்க, மைசூர் யாதவகிரியில் தொழிற்சாலை அமைந்தது. 1973ஆம் ஆண்டு முதல் அதே வண்டி யெஸ்டி என்னும் பெயரால் வழங்கலாயிற்று. செக் நாட்டார் வகுத்த வடிவம், பார்சிக் குடும்பத்தாரின் முதல், கன்னட மண்ணின் உழைப்பு, ஓட்டியவர் தமிழர். இம்மாநகரத்தின் இயல்பையே அவ்வண்டியில் காணலாம் என்றால் மிகையாகாது.

கிளப்புவதற்கு உதைக்கும் கோலையே முன்னால் திருப்பிக் கியர் மாற்றும் கோலாகப் பயன்படுத்துவது அவ்வண்டியின் சிறப்பு. இரண்டு புகைக் குழாய்களின் ஒலி தெருமுனையில் கேட்டவுடன், தந்தையார் வருகிறார் என்று என் தாயார் அடுப்பில் தோசைக் கல்லை வைப்பார்.

என்றென்றும் நிலைக்கும் வண்டி என்ற பொருள்பட அந்நிறுவனத்தார் விளம்பரம் செய்து வந்தனர். வண்டி நிலைத்தது, தொழிற்சாலை நிலைக்கவில்லை. 1996ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. ஜாவா என்னும் பெயர் 2018ஆம் ஆண்டிலும், யெஸ்டி என்னும் பெயர் 2022ஆம் ஆண்டிலும் புதிய வண்டிகளில் மீண்டும் வந்தன எனினும், அவை வேறு வடிவமைப்பு உடையவை. அவற்றின் உறுப்புகள் பழைய வண்டிக்குப் பொருந்தா. பழைய வண்டியைக் காப்பவர்களின் முதல் தொல்லை இதுவே. உறுப்புக் கிடைப்பது அரிது என்ற எண்ணம், கெட்டுப்போன உறுப்பையே எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்திற்கு இட்டுச் செல்கிறது. நானும் அவ்வழியே சென்றேன்.

பள்ளமும் என் சிக்கனமும்

மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. சாலையில் நீர் தேங்கியிருந்தது. அடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. முன் சக்கரம் உள்ளே இறங்கி எதிர்க் கரையில் மோதியது. நான் விழவில்லை. வண்டியும் ஓடியது. ஆயினும் கைப்பிடியை நேராகப் பிடித்தால் வண்டி சற்று இடப்புறம் இழுத்தது. வீட்டில் நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களில் வலது கால் இலேசாகப் பின்னோக்கி வளைந்திருந்தது. விரல் நுழையும் அளவு வேறுபாடு இல்லை. உற்று நோக்கினாலன்றித் தெரியாது.

ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அவர்கள் குழாயைக் கழற்றி, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். அதற்குக் கேட்ட கூலி, புதிய இணைக் குழாய்களின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. குழாய் கண்ணுக்கு நேராகத் தோன்றியது. மிகுந்த மகிழ்ச்சியோடு திரும்பினேன். மிச்சப் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வாரங்கள் சென்றன. வலது காலில் எண்ணெய் கசியத் தொடங்கியது. துடைத்துவிட்டு ஓட்டினேன். பள்ளம் மேட்டில் முன்பக்கம் "டக்" என்று இடித்தது. பழைய வண்டிக்கு இது இயல்பே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகன் வண்டியைக் கேட்டான். கொடுத்தேன். ஈரச் சாலையில் முன்னே சென்ற ஆட்டோ நின்றது. அவன் பிரேக்கைப் பிடித்தான். கசிந்த எண்ணெய் கால் வழியே இறங்கிப் பிரேக்கிலும் டயர் ஓரத்திலும் படிந்திருந்தது. முன்காலும் ஒழுங்காக அமுங்கவில்லை. சக்கரம் வழுக்கியது. அவன் வலது தோளின்மேல் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது.

பின்னால் பேருந்து வரவில்லை. அது என் முன்யோசனை அன்று, தெய்வச் செயல். பேருந்து வந்திருந்தால் இன்று இம்மேடையில் நிற்கும் மனநிலை எனக்கு இருந்திருக்காது.

அப்போது என் தந்தையார் ஊருக்குச் சென்றிருந்தார். செய்தி கேட்டு முதல் ரயிலில் வந்தார். பேரனைப் பார்த்தார், பின்னர் வண்டியைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, வலது குழாயை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார்.

"இதை யாரைக் கேட்டு நிமிர்த்தினாய்?" என்றார்.

"நீங்கள்தானே அப்பா, எதையும் தூக்கி எறியாதே என்று சொல்லி வளர்த்தீர்கள்? வளைந்த ஆணியைக்கூட அம்மிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போடுவீர்களே" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆணி வேறு, அச்சு வேறு. ஆணி வளைந்தால் சுவரில் மாட்டிய படம் விழும். அச்சு வளைந்தால் ஆள் விழுவான். முப்பத்தொன்பது வருஷம் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தவன் நான். வளைந்த அச்சைத் தட்டி நிமிர்த்தி ஒரு பெட்டியையும் ஓடவிட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

அன்பர்களே! நான் அன்று பெற்ற பாடம் அவ்வளவே. இனிச் சொல்வதெல்லாம் அதற்கு விளக்கம்.

முன்கால் என்பது யாது?

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் இணைக் கால்களை முன் போர்க்கு என்கிறோம். ஒவ்வொரு காலிலும் இரண்டு குழாய்கள் உண்டு. மேலே இருப்பது வழவழப்பாகக் குரோமியம் பூசப்பட்ட எஃகுக் குழாய். அது கீழே உள்ள அகன்ற குழாய்க்குள் ஏறி இறங்கும். வண்டியைத் தாங்க ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்கு துள்ளாமல் அடக்க எண்ணெய். எண்ணெய் வெளியேறாமல் தடுக்க ரப்பரால் ஆன சீல். மேலே இரு குழாய்களையும் சேர்த்துப் பிடிப்பவை மெக்கானிக்குகள் "டீ" என்று அழைக்கும் இரண்டு தாங்கிகள். கைப்பிடி எளிதில் திரும்புவதற்காகத் தாங்கியின் தண்டு குண்டுகளின்மேல் சுழலும். அக்குண்டுகளும் கிண்ணங்களும் சேர்ந்ததே கோன் செட்.

ஒன்றனுள் ஒன்று செல்லும் இக்கால் புதியதன்று. 1908ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஸ்காட் மோட்டார் சைக்கிளில் இதன் முன்னோடி இருந்தது. எண்ணெயால் அடக்கப்படும் முன்காலை 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

இக்கால்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. சாலையின் அடியைத் தாங்குவது ஒன்று. அதனினும் பெரிய கடமை வண்டியை நேராகச் செலுத்துவது. மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் வண்டியின் சிறு சக்கரத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் தண்டு முன்னே செல்ல, சக்கரம் பின்னே இழுபட்டுத் தானே நேராகிவிடுகிறது. மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறே. கைப்பிடித் தண்டின் சாய்கோட்டைத் தரை வரை நீட்டினால் அது முதலில் தரையைத் தொடும். சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னே இருக்கும். அந்தச் சிறு இடைவெளியே வண்டியை நேராக வைக்கிறது. முன்கால் வளைந்தால் அந்த அளவு மாறுகிறது. ஒரு கால் மட்டும் வளைந்தால் சக்கரமே கோணலாகிறது. அமுங்க வேண்டிய குழாய் உராய்ந்து இறுகுகிறது. சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. என் வண்டியில் நேர்ந்தவை இவையே.

நிமிர்த்தினால் என்ன குற்றம்?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. எஃகின் பாடு வேறு. அது வளையும், வளைந்ததை மறவாது.

மூங்கில் கழியை மெல்ல வளைத்து விட்டால் நிமிர்ந்துவிடுகிறது. எஃகும் ஓர் எல்லை வரை அவ்வாறே. அந்த எல்லையைக் கடந்துவிட்டால் வளைவு நிலைத்துவிடும். அதன்பின் எதிர்ப்புறம் அழுத்தி நிமிர்த்துவது இரண்டாம் முறை வளைப்பதே ஆகும். கட்டுக் கம்பியை அறுக்கக் கத்தரி இல்லாதபோது நாம் என்ன செய்கிறோம்? இப்புறமும் அப்புறமும் வளைக்கிறோம், அது முறிகிறது. குழாய் ஒரே முறையில் முறிந்துவிடாது. ஆனால் வளைந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும். நாள்தோறும் ஆயிரம் அதிர்ச்சிகளைத் தாங்கும் உறுப்பில் அவ்வெடிப்பு நாளடைவில் வளரும்.

மேலும், பூசிய குரோமியம் கடினமானது. அடியிலுள்ள எஃகு வளையும்போது அது வளையாமல் விரிசல் விடும். அவ்விரிசலில் நீர் நுழைந்து துரு ஏறும். துருவின் முனை சீலை அறுக்கும். எத்தனை முறை சீலை மாற்றினாலும் கசிவு நிற்காது.

நம் ரயில்வேயின் முறையைப் பாருங்கள். அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர். பெட்டி தடம் புரண்டால், சக்கரம் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்கள். நம் நகரின் எலகங்காவில் 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரயில் சக்கரத் தொழிற்சாலையில் அச்சுகளும் செய்யப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண அச்சுக்குள் கேளா ஒலியைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். கோடிக்கணக்கான மக்களைச் சுமக்கும் ரயில்வே கண்ணை நம்பாமல் கருவியை நம்புகிறது. அந்த ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நான் என் மகன் ஏறும் வண்டிக்குக் கண்ணை நம்பினேன்!

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிகச் சிறு வளைவை, அளவுக் கருவி வைத்து, பொறுமையாக நிமிர்த்தும் தேர்ந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை கூறவில்லை. ஆனால் நிமிர்த்தியவரிடம் கருவி இருந்ததா, நிமிர்த்திய பின் அளந்தாரா என்று கேளுங்கள். குழாயில் மடிப்போ சுருக்கமோ விழுந்திருந்தால் அதற்கு மேல் கேள்வியே இல்லை. அதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

எவ்வாறு கண்டறிவது?

குழாயைக் கழற்றி, இரண்டு சம உயரத் தாங்கிகளின்மேல் கிடத்தி, டயல் கேஜ் என்னும் கருவியின் முனையை அதன்மேல் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். முள் அசையும் மொத்த அளவில் பாதியே வளைவு. பல நிறுவனங்களின் கையேடுகள் 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவை ஏற்பதில்லை. 0.2 மில்லிமீட்டர் என்பது தடித்த காகிதத்தின் கனம். என் கண் அதைக் காணவில்லை என்பதில் வியப்பென்ன?

கருவி இல்லாதவர் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் குழாயை உருட்டிப் பார்க்கலாம். அடியில் வெளிச்சம் கசிந்து கசிந்து தோன்றினால் வளைவு உண்டு. இது குற்றத்தைக் காட்டும் சோதனை. குற்றமில்லை என்று உறுதி கூறும் சோதனை அன்று. கழற்றுவதற்கு முன்பே தெரியும் அடையாளங்களும் உள்ளன. வண்டி ஒரு பக்கம் இழுத்தல், ஒரு காலில் மட்டும் கசிவு, அமுக்கினால் தடைப்பட்டு எழுதல், கைப்பிடி நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் நிற்றல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

உறுப்புத் தேடிய படலம்

மகனின் தோள் ஆறு வாரம் தூளியில் கிடந்தது. அந்த ஆறு வாரமும் ஞாயிறுதோறும் நானும் தந்தையாரும் குழாய் தேடி அலைந்தோம். புல்லட் வைத்திருப்பவர் பாடு எளிது. 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய அந்த வண்டியின் உற்பத்தி தொடர்ந்து நடைபெறுவதால் உறுப்புகள் கிடைக்கின்றன. யெஸ்டிக்காரர் தேடித்தான் ஆக வேண்டும். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கேட்டோம். எஸ்.ஜே.பி. ரோட்டுச் சந்துகளில் குவிந்து கிடந்த இரும்பிடையே குனிந்தோம். நம்மைப் போலத் தேடுவோர் இந்நகரில் பலர். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி வண்டிகளோடு கூடி விழா எடுக்கும் அன்பர்கள் இங்கே உண்டு. எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படலத்தில் நான் கற்றவை நான்கு. முதலாவது, பழைய குழாயைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொன்னால் மாறிவிடும், அளவைக் காட்டினால் மாறாது. இரண்டாவது, பழைய இருப்புச் சரக்கு என்றவுடன் மயங்காதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் பல ஆண்டு ஈரத்தில் துருப் புள்ளி விழுந்திருக்கும். சீல் ஓடும் பகுதியில் புள்ளி இருந்தால் வேண்டா. மூன்றாவது, புதிதாகச் செய்யப்பட்ட குழாயானால் விட்டத்தையும் நீளத்தையும் திருகு மரையையும் அளந்து வாங்குங்கள். நான்காவது, ஒரு காலை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு கால் புதிதும் ஒரு கால் தேய்ந்ததுமாக நடப்பவனுக்கு நேர்வதே வண்டிக்கும் நேரும். இரண்டு குழாய்கள், இரண்டு சீல்கள், உள்ளே உள்ள புஷ்கள் யாவும் இணையாகவே மாற வேண்டும்.

குழாய் நேராக இருந்து மேற்பூச்சு மட்டும் தேய்ந்திருந்தால் பீன்யா தொழிற்பேட்டையில் கடைந்து, குரோமியம் பூசி, தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவோர் உண்டு. வளைந்ததற்கு அவ்வழி ஆகாது.

மேஸ்திரியின் கொட்டகையில்

வேலையைச் செய்து கொடுத்தவர் அடுத்த தெருவில் கொட்டகை வைத்திருக்கும் ஒரு கன்னடப் பெரியவர். அவருடைய தமிழும் எங்களுடைய கன்னடமும் ஒரே தரத்தவை. ஆயினும் ஸ்பேனரின் மொழி மூவருக்கும் பொது. அவர் செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே மேல் போல்ட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தினார். பின் மெயின் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரத்தைத் தூக்கினார். பிரேக் கேபிள், மீட்டர் கேபிள், சக்கரம், மட்கார்டு என்று வரிசையாகக் கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் அதன் வாசருடன் தனித்தனிக் கிண்ணத்தில் இட்டார். தாங்கியின் பிடி போல்ட்டைத் தளர்த்தி, குழாயைத் திருகித் திருகிக் கீழே இறக்கினார். சுத்தியல் எடுக்கவில்லை. "அடித்தால் டீ முறியும்" என்றார்.

குழாய் வளைந்த விபத்தில் தாங்கியும் முறுகியிருக்கலாம். இதைப் பலர் பார்ப்பதில்லை. புதிய குழாய்கள் இரண்டையும் தாங்கிகளில் பொருத்தி, அவற்றின் குறுக்கே கண்ணாடிப் பலகையை வைத்தார். பலகை ஆடாமல் படிந்தால் குழாய்கள் ஒரே தளத்தில் உள்ளன. ஆடினால் தாங்கி முறுகியிருக்கிறது என்று பொருள். எங்கள் நல்வினை, ஆடவில்லை. ஆனால் கோன் செட்டில் குண்டுகள் பதிந்த தழும்புகள் இருந்தன. அதையும் மாற்றினார். குண்டுகளை எண்ணி எடுத்து, எண்ணிப் பதித்து, கிரீஸ் இட்டார். வண்டியின் சட்டம் வளைந்துள்ளதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்.

புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, குழாயின் கூர் விளிம்பில் ஒட்டுநாடா சுற்றி, சீல் கிழியாமல் ஏற்றினார். கையேடு கூறும் எண்ணெயை, கூறும் அளவில், மருந்துக் குவளையால் அளந்து இரு கால்களிலும் ஒரே அளவாக ஊற்றினார். கண் மதிப்பு இல்லை.

பின்னர் வந்தது நான் கண்டு வியந்த பகுதி. எல்லாவற்றையும் பொருத்தியவுடன் அவர் இறுக்கிவிடவில்லை. சக்கரத்தின் அச்சு நட்டை இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி எழுப்பினார். கால்கள் தாமாக ஒன்றுக்கொன்று இணையாக அமைந்த பிறகே மற்ற போல்ட்டுகளை இறுக்கினார். முதலிலேயே இறுக்கினால் புதிய குழாயும் கோணலாக நின்று உராயும் என்று விளக்கினார்.

இறுதியாக என் தந்தையாரை அழைத்து ஓர் இடத்தைக் காட்டினார். முன் பிரேக் தட்டிலுள்ள காடி, போர்க்கின் காலிலுள்ள முட்டில் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடித்தவுடன் தட்டே சுழன்று, சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். வேலை முடிந்தபின் இதை வேறொருவர் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வழக்கம். தந்தையார் விரல் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் சோதிக்கச் சொல்லி அனுப்பினார்.

முடிவாக

அன்பர்களே! மிகுதியான பாரம் ஏற்றினால் மயிலிறகுகூட வண்டியின் அச்சை முறிக்கும் என்று எச்சரித்தவர் நம் வள்ளுவர். அச்சின் அருமையை நாம் அறியாதவர்கள் அல்லோம். அறிந்தும் சிறு பணத்தின் பொருட்டு மறக்கிறோம்.

ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பழைய பொருள்மேல் பற்று மிகுதி. தந்தை வாங்கிய வண்டி, தாய் கொண்டுவந்த அண்டா, பாட்டனின் கடிகாரம் இவற்றையெல்லாம் விடாமல் வைத்திருக்கிறோம். வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பழையதைப் போற்றுதல் வேறு, பழுதைப் போற்றுதல் வேறு. உயிரைத் தாங்கும் உறுப்பில் வளைந்ததை மாற்றுவது பழமைக்குச் செய்யும் துரோகம் அன்று; அதுவே அப்பழமையை அடுத்த தலைமுறைக்குப் பத்திரமாகக் கொடுக்கும் வழி. ஆணிகளை நிமிர்த்துங்கள், டப்பாவில் சேமியுங்கள். அச்சை மட்டும் நிமிர்த்தாதீர்கள்.

மகனின் தோள் குணமாயிற்று. வண்டி வந்த அன்று முதலில் நான் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அவன் கேட்டான். நான் தயங்கினேன். என் தந்தையார்தான் சாவியை அவன் கையில் கொடுத்தார். அவன் காலனியை ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை நாங்கள் இருவரும் வாயிலில் நின்றோம். இரண்டு புகைக் குழாய்களின் ஒலி தெருமுனையில் கேட்டது. உள்ளே என் தாயார் அடுப்பில் தோசைக் கல்லை வைத்தார்.

நாளைக் காலை உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் முன் குந்தி, அந்த இரண்டு கால்களையும் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.